வேலை முடிந்து ஏறிய எடை

ஷூ கம்பெனி பஸ்ஸின் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக முறிந்துபோன பிறகுதான், விடியற்காலையில் அந்த வண்டியில் ஏறிப்போகிற நாற்பத்திரண்டு பெண்களும் மத்தியானம் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது கூடவே வேறு எதையோ சுமந்துகொண்டு ஏறுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியவந்தது. போகும்போது பள்ளத்தில் பூப்போல இறங்கி ஏறுகிற வண்டி, வரும்போது கரும்பு ஏற்றின டிராக்டர் மாதிரி முனகுகிறது என்று டிரைவர் சத்தியம் செய்தார். கம்பெனிக்காரர்களுக்கு வேறு எந்தப் பக்கமும் புத்தி போகவில்லை, தோல் திருட்டு என்று முடிவு கட்டினார்கள். கேட்டில் காவலுக்கு நிற்கும் எஸ்தர் ஒவ்வொருத்தியாகப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு, கொண்டையை அவிழ்த்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பாவாடை நாடா வரைக்கும் தடவிப் பார்த்தாள். ஒரு துண்டுத் தோல் இல்லை, ஒரு நூல்கண்டு இல்லை, ஒடிந்த ஊசிகூட இல்லை. கடைசியில் ஸ்டோரில் தோல் கட்டுகளை நிறுக்கிற எடைமேடையை இரண்டு ஆட்கள் உருட்டிக்கொண்டு வந்து கேட்டில் போட்டார்கள். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை ஏறி நில் என்றார்கள்.

அப்பர் என்று சொல்கிற ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் லைனில் ஏழாவது மிஷின் நிரோஷாவுடையது. இருபத்து நாலு வயசு. காலை ஆறு மணிக்கு நாற்பத்தைந்து கிலோவாக உள்ளே போன நிரோஷா, மத்தியானம் இரண்டு மணிக்கு ஐம்பத்திரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராமாக வெளியே வந்தாள். நடுவில் அவள் சாப்பிட்டது நாலு இட்லியும் ஒரு டம்ளர் டீயும். அவளுக்கு முன்னால் நின்றவளுக்கு ஐம்பத்தெட்டு கிலோ ஏறியிருந்தது, பின்னால் நின்றவளுக்கு முப்பத்திரண்டு. மேடையில் கோளாறு என்று வேறு மேடை கொண்டுவந்தார்கள். அதுவும் அதையேதான் சொன்னது.

பெண்கள் யாரும் இதில் பெரிசாக ஆச்சரியப்படவில்லை. எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல், சூப்பர்வைசர் கத்தினால் தலையைக் குனிந்து, அழுகை வந்தால் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவி, சிரிப்பு வந்தால் அதையும் முந்தானையில் பொத்தி உட்கார்ந்திருந்தால் உடம்பு கனக்காமல் வேறு என்ன செய்யும் என்று கஸ்தூரியக்கா கேட்டாள். கஸ்தூரியக்கா தைத்த துண்டுகளைச் சரிபார்க்கும் மேஜையில் நிற்கிறவள், நாற்பத்தாறு வயசு, அந்த லைனில் மூத்தவள்.

ஆனால் ஏறுகிற எடை எது என்று முதலில் கண்டுபிடித்தது நிரோஷாதான். அவளுடைய ஒன்பது மாசத்துப் பெண் தன்ஷிகா, மூன்று பஸ் மாறிப் போகவேண்டிய ஏரிக்கரைமேட்டில், நிரோஷாவின் ஓரகத்தி பூங்காவனத்திடம் வளர்ந்துகொண்டிருந்தாள். நிரோஷாவின் புருஷன் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போனவன், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். நிரோஷா அந்த பஸ் போகிற வழியில் இருக்கும் கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்தாள், மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போய் வந்தாள். அன்றைக்கு விடுதிக்குத் திரும்பியதும் வழக்கம்போலப் பூங்காவனத்துக்குப் போன் போட்டாள். பூங்காவனம் எல்லாக் கதையும் பேசிவிட்டு, அங்கன்வாடியில் இன்றைக்குப் பிள்ளையை நிறுத்தார்கள், ஏழு கிலோ தொள்ளாயிரம் என்றாள். நிரோஷா போனைக் காதில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஏழு கிலோ தொள்ளாயிரத்தைத்தான் அவள் பகலெல்லாம் இடுப்பில் வைத்திருந்தாள், ஒரு கையால் மிஷினைத் தள்ளி ஒரு கையால் தோலைத் திருப்பிக்கொண்டு.

மறுநாள் அவள் சொன்னதும், அவரவருக்கு ஏறினது யாருடைய எடை என்று அவரவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் சுற்றுப்பட்டு ஊர்களில் நடந்ததைச் சொன்னால் ஒரு வாரம் சொல்லலாம். ஒருத்தியின் புருஷன் கேட்டுக்கே வந்து என் பெண்டாட்டிக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எஸ்தரிடம் விசாரித்தான். முப்பத்திரண்டு என்றதும் முகம் செத்துப்போயிற்று, ஏனென்றால் அவன் எழுபத்தெட்டு கிலோ. முப்பத்திரண்டு கிலோவுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மூன்று நாள் தூங்காமல் யோசித்து, அது போன மாசம் அவன் கேட்காமல் விற்ற வெள்ளாடு என்று தெரிந்து, அந்த ஆட்டைத் தேடி நாலு சந்தை அலைந்து திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தான். கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு அறுபத்து மூன்று ஏறியது என்று கேள்விப்பட்ட அவளுடைய அண்ணன்மார், ஊரில் இருக்கிற வாலிபப் பையன்களையெல்லாம் ரைஸ்மில்லுக்குக் கூட்டிப்போய் நிறுக்க ஆரம்பித்தார்கள். ஆசையிருந்தவன் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான், பயந்தவன் இரண்டு நாள் பட்டினி கிடந்தான். கடைசியில் சரியாக அறுபத்து மூன்று நின்றது பால் சொசைட்டியில் பால் ஊற்றி அளக்கிற பையன். அவன் தலையைக் குனிந்ததைப் பார்த்து ஆவணியில் தேதி வைத்துவிட்டார்கள்.

கஸ்தூரியக்காவுக்கு எழுபத்தொரு கிலோ ஏறியது. அவள் புருஷன் செத்து ஆறு வருஷம். அந்த எழுபத்தொன்றைப் பார்த்த அன்றைக்கு அவள் மேடையை விட்டு இறங்கவில்லை. "செத்துப்போன ஆளுக்கும் எடை இருக்குது பாருடி" என்று நிரோஷாவிடம் சொன்னாள். பின்னால் வரிசை நிற்கிறது என்று எஸ்தர் சொல்லவில்லை, பஸ் ஹாரன் அடித்தும் சொல்லவில்லை.

நிரோஷாவை மட்டும் விட்டுவைப்பார்களா? பிள்ளை எடைதான் ஏறுகிறது, போர்வெல்காரர் அங்கே எடையே இல்லாமல் பறந்துகொண்டிருக்கிறாரா என்று கேலி செய்தார்கள். மனசில் எது மேலாகக் கிடக்கிறதோ அதைத்தான் மேடை காட்டும், அவரு கீழே பத்திரமாக இருக்கிறார் என்று நிரோஷா சொல்லிச் சிரித்தாள். ஆனால் இரண்டு மணி ஆகிவிட்டால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது. அந்த மேடைதான் அவளுக்குக் கடுதாசி. முப்பது கிராம் கூடியிருந்தால் இன்றைக்குப் பருப்புச் சாதம் உள்ளே போயிருக்கிறது, ஐம்பது கூடியிருந்தால் பூங்காவனம் முட்டை கொடுத்திருக்கிறாள். ஏழு கிலோ தொள்ளாயிரம் எட்டானது, எட்டே கால் ஆனது, எட்டரை ஆனது. பிள்ளை தவழ்ந்ததையும் சுவரைப் பிடித்து நின்றதையும் நிரோஷா பார்க்கவில்லை. ஆனால் தவழ்ந்து நின்ற பிள்ளையின் கனத்தைத் தினமும் சுமந்துகொண்டு விடுதிக்குப் போனாள், படுத்துத் தூங்கும் வரைக்கும் அது அவளோடு இருந்தது, காலையில் மறுபடி நாற்பத்தைந்து கிலோவாக எழுந்தாள்.

கம்பெனிக்கு இது ஒத்துவரவில்லை. நாற்காலிக் கால்கள் வளைந்தன, லிஃப்ட் நடுவழியில் நின்றது, மாடி லைனில் தரை விரிசல் விட்டது. எச்.ஆர். மேடம் பிரியம்வதா பெரிய நகரத்தில் படித்துவிட்டு வந்தவள், முப்பது வயசு இருக்கும், குரல் உயர்த்தாதவள். கேன்டீனில் டீ நேரத்தில் வகுப்பு வைத்தாள். 'வேலையிடத்தில் உணர்ச்சி மேலாண்மை' என்று பேனர் கட்டினார்கள். வீட்டு நினைப்பை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும், கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணவேண்டும், துக்கம் வந்தால் மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடவேண்டும் என்று மேடம் சொன்னாள். எண்ணினால் தையல் கோணலாகிறதே என்று ஒருத்தி கேட்டாள். தையலையே எண்ணுங்கள் என்றாள் மேடம். அப்புறம் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, முன்னால் ஒரு பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், யார் நினைப்பு தொந்தரவு செய்கிறதோ அவர்களை அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், சாயங்காலம் திறந்துகொள்ளலாம் என்றாள்.

நிரோஷா கண்ணைத் திறந்துவிட்டாள். கைக்குழந்தையைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். என் வீட்டுக்காரரை ஏற்கெனவே ஒரு தடவை பெட்டியில் வைத்து மூடியாயிற்று, மறுபடி என்னால் ஆகாது என்று கஸ்தூரியக்கா எழுந்து டீ வாங்கப் போய்விட்டாள்.

ஆனாலும் அந்த வகுப்பு சிலருக்குப் பலித்தது. ஆட்டுக்காரிக்கு ஆடே வீட்டுக்கு வந்துவிட்டதால் ஒரேயடியாக இறங்கியது. கல்யாணம் நிச்சயமானவளுக்கு அறுபத்து மூன்று நாற்பதாகி, இருபதாகி, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவில் வந்து நின்றது, எதிர் வரிசையில் இன்னொருத்திக்கும் அப்படியே. கம்பெனி சந்தோஷப்பட்டது. ஒரு மாசம் தொடர்ந்து எடை இறங்குகிறவர்களில் கை சுத்தமான ஒருத்தியை லைன் சூப்பர்வைசர் ஆக்குவோம், சூப்பர்வைசருக்குக் கம்பெனி குடியிருப்பில் ஒரு ரூமும் சமையலறையும் உண்டு, குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

நிரோஷா அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம். அந்த லைனில் அவளைவிடச் சுத்தமான தையல் யாருக்கும் கிடையாது. ஆக, பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பிள்ளையை மறக்கவேண்டும், ஒரு மாசம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். எந்தத் தாயும் செய்யாததா, சமைக்கும்போது மறக்கிறோம், தூங்கும்போது மறக்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெட்டி வேண்டாம் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்ததும், மனசுக்குள் ஒரு புடவையைக் கட்டித் தூளி போட்டு, பிள்ளையைக் கிடத்தி, நாலு ஆட்டு ஆட்டி, கால் விரலில் நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பிள்ளை தூங்குகிறாள், அம்மா வேலை செய்யலாம். பத்து நிமிஷத்தில் பிள்ளை எழுந்துவிடும். மறுபடி போய் ஆட்டுவாள். எட்டு மணி நேரத்தில் நாற்பது தடவை ஆட்டினாள், ஆட்டிய களைப்பில் எட்டு கிலோ எழுநூறோடு வெளியே வந்தாள். அதுதான் அவள் சுமந்ததிலேயே அதிக எடை.

அந்த மாசத்து முதல் ஞாயிறு வந்தது. வெளிநாட்டுச் சரக்கு அவசரம், இந்தத் தடவை யாருக்கும் ஊர் லீவு இல்லை என்றார்கள். வேறு சமயமாக இருந்தால் நிரோஷா சண்டை போட்டிருப்பாள். சூப்பர்வைசர் ஆகப்போகிறவள் சண்டை போடலாமா என்று பத்து வரைக்கும் எண்ணி, அப்புறம் இருபது வரைக்கும் எண்ணி உட்கார்ந்துகொண்டாள். பூங்காவனத்துக்குப் போன் செய்து, அடுத்த மாசம் ஒரேயடியாக வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றாள்.

அதற்கு மூன்றாம் நாளிலிருந்து எடை இறங்கத் தொடங்கியது. எட்டு அறுநூறு. எட்டு நானூறு. எட்டு இருநூறு. எஸ்தர் எடையை உரக்கச் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அறிவிப்புப் பலகையில் நிரோஷாவின் பேரை எழுதி நட்சத்திரம் ஒட்டினார்கள். அவளும் தூளி பலிக்கிறது என்றுதான் நினைத்தாள். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. இனிமேல் கடுதாசி வராதே, பருப்புச் சாதம் சாப்பிட்டாளா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? தினமும் போன் செய்தாள். நல்லா இருக்கா என்றாள் பூங்காவனம். பேசச் சொல்லுங்கக்கா என்றால், இப்பத்தான் தூங்கினா என்றாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பிள்ளை அப்போதுதான் தூங்கியிருந்தது. எட்டு, ஏழு எண்ணூறு, ஏழு அறுநூறு. இன்னும் பத்து நாள்தான், ரூம் சாவி வாங்கிவிடலாம் என்று நிரோஷா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கும்போது தன்ஷிகாவின் முதல் பிறந்தநாள் வந்தது. அன்றைக்கு நிரோஷா தூளி கட்டவில்லை. சாவி போனாலும் போகட்டும், இன்றைக்கு ஒரு நாள் என் பிள்ளையை நான் நினைத்துக்கொள்கிறேன் என்று கதவை விரியத் திறந்துவைத்துவிட்டாள். ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் மிஷின் பாட்டுக்கு ஓடியது, அவள் பாட்டுக்குப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, கன்னத்தில் மை வைத்து, புதுச் சட்டை போட்டு, தெருவில் எல்லா வீட்டுக்கும் தூக்கிப்போய்க் காட்டி, மிட்டாய் கொடுத்து, அந்த உச்சந்தலையை மோந்து மோந்து பார்த்தாள். ஒரு நொடி மறக்கவில்லை. இன்றைக்கு ஒன்பது கிலோவுக்குக் குறையாது, எல்லாரும் திட்டப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டேதான் மேடையில் ஏறினாள்.

"ஏழு கிலோ நானூறு" என்றாள் எஸ்தர்.

கை தட்டினார்கள். அவளுக்கு இதுவரைக்கும் ஏறினதிலேயே குறைவான எடை. மேடம் பிரியம்வதாவே அன்றைக்கு கேட்டுக்கு இறங்கி வந்திருந்தாள். அவள் கையில் ஒரு சாவி இருந்தது. மீதி நாட்களைப் பார்க்கவேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது, நாளையிலிருந்து நீங்கள்தான் சூப்பர்வைசர், எப்படி மறந்தீர்கள் என்பதை நீங்களே இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று சாவியை நீட்டினாள்.

நிரோஷா மேடை காட்டின எண்ணை மறுபடி குனிந்து பார்த்தாள். ஒரு நொடிகூட மறக்காத நாளில் ஏழு நானூறு என்றால், இத்தனை நாளும் இறங்கியது அவள் நினைப்பு இல்லை. வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினால் போதும், ரூம் அவளுடையது. அந்தச் சாவியில் நீல நூலில் கட்டின எண் தெரிந்தது. சமையலறையில் எந்தப் பக்கம் ஜன்னல் இருக்கும் என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"மேடம், நான் மறக்கலைங்க" என்றாள். "பிள்ளதான் மெலியுது."

கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கஸ்தூரியக்கா வாயில் கை வைத்தாள். ஊருக்குப் போகவேண்டும், இப்போதே போகவேண்டும், விடுதியை விட்டு வெளியே போகச் சீட்டுக் கொடுங்கள் என்று நிரோஷா கேட்டாள். சரக்கு முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறதே, போய்விட்டால் இந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமே என்றாள் மேடம். போகட்டுங்க என்றாள் நிரோஷா. அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பத்து வரைக்கும் எண்ணவும் இல்லை.

மேடம் சாவியைப் பைக்குள் போட்டாள். சீட்டுப் புத்தகத்தை வாங்கி மேடையின் மேல் வைத்து எழுதினாள். எழுதிக்கொண்டே, பக்கத்தில் நின்ற நிரோஷாவுக்கு மட்டும் கேட்கிற குரலில், "நான் தினமும் எல்லாரும் போனப்புறம் ஏறிப் பார்க்கறேன். எனக்கு ஒரு கிராம்கூட ஏறினதில்ல" என்றாள். கிழித்துக் கொடுத்த சீட்டில் எத்தனை நாள் என்கிற இடத்தை அவள் காலியாக விட்டிருந்தாள்.

மூன்று பஸ் மாறி நிரோஷா ஏரிக்கரைமேட்டில் இறங்கும்போது ஐந்தே முக்கால், வெயில் இன்னும் ஏரிக்குள் இருந்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்தே பூங்காவனத்தின் வீடு தெரியும். வீட்டுக்கு முன்னால், தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு, நாலு கம்பு நட்டுத் தகரம் போட்ட ஒரு புதுக் கொட்டகை நின்றது. அதற்குக் கீழே, ஒரு பாயின் நடுவில், ரோட்டைப் பார்த்தபடி அவள் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

பூங்காவனம் ஓடிவந்து வழியிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள். சொல்லக்கூடாது என்றில்லை, சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய், ரூம் கிடைக்கிற நேரத்தில் கெடுக்காதே என்று உன் மச்சாண்டார் சொல்லிவிட்டார் என்று மூச்சு வாங்கினாள். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை தவழ்ந்து தெருவுக்கு வந்து, பஸ் வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்ததாம். மத்தியானம் சோறூட்டத் தூக்கப்போனால் தூக்க முடியவில்லையாம். நெல்மூட்டை கனம் கனத்ததாம். இரண்டு ஆண்பிள்ளைகள் வந்து போர்வையில் தூக்கி உள்ளே போட்டால், ஊரே அதிர்கிற மாதிரி அழுகை, மறுபடி தெருவில் கொண்டுவந்து வைத்தால்தான் நிறுத்தியதாம். வெயில் அடித்தது, குடை பிடித்தார்கள். மழை வந்தது, பிள்ளையை நகர்த்த முடியாததால் பிள்ளை மேலே கொட்டகை போட்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே குளிப்பாட்டினார்கள், உட்கார்ந்த இடத்திலேயே தூங்க வைத்தார்கள். டிராக்டர்காரர்கள் பிள்ளையைச் சுற்றி ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வெளியூரிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு வந்த கூட்டத்தைப் பூங்காவனம் துடைப்பத்தைக் காட்டித் துரத்தினாளாம். ஆஸ்பத்திரி வண்டிக்காரர்கள் முக்கி முனகி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜுரம் இல்லை, சளி இல்லை, சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். ஆனால் வேளைக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லையாம்.

"அங்கன்வாடி தராசு கொக்கி நேரா போயிடுச்சி. நேத்து ரேஷன் கடைத் தராசுல வெச்சோம். ஐம்பத்திரண்டரை கிலோ காட்டுது. பார்த்தா எலும்பும் தோலுமா இருக்குது. இத்துனூண்டு பிள்ளைக்கு அந்தக் கனம் எங்கருந்துடி வந்துச்சி?"

நிரோஷாவுக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை. நேற்றைக்கு மேடை காட்டின ஏழரை போனால் நாற்பத்தைந்து. தினமும் காலையில் கேட்டில் எஸ்தர் சொல்கிற எடை. அவள் இங்கே இல்லாத நாளெல்லாம், அவள் அங்கே பிள்ளையைத் தூளியில் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம், நடக்கக்கூடத் தெரியாத அந்தப் பிள்ளை, நாற்பத்தைந்து கிலோ அம்மாவை மடியில் வைத்துக்கொண்டு இந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறது.

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். கொட்டகைக்குள் குனியும்போது, முதுகை முறித்துக்கொள்ளாதே, ஆள் வரட்டும் என்று பூங்காவனம் பின்னாலிருந்து கூப்பிட்டாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்து நின்றார்கள். பிள்ளை நிரோஷாவைப் பார்த்தது. சிரிக்கவில்லை, கையை நீட்டவில்லை, ரோட்டைப் பார்த்த அதே பார்வைதான். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக இருந்தது. நிரோஷா முட்டி போட்டு, இரண்டு அக்குளுக்கும் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

பஞ்சு மாதிரி வந்தது.

பிள்ளை அவள் கழுத்தில் மூக்கை வைத்து மோந்தது, தோள் சேலையை விலக்கி மறுபடி மோந்தது. அப்புறம் வாயைத் திறந்து, இருந்த நாலு பல்லாலும் அவள் தோளைக் கடித்தது. கடித்துவிட்டு அழுதது. அந்த அழுகை மாதிரி ஒரு அழுகையை அந்தத் தெரு கேட்டதில்லை, ஐம்பது நாள் கோபம் ஒரே மூச்சில் வந்தது, முகம் சிவந்து, முடியைப் பிடித்து இழுத்து, முகத்தில் பட்பட்டென்று அடித்து, காலால் உதைத்து அழுதது. நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. நிரோஷாவும் அழுதாள், பாத்ரூமுக்குப் போகாமல், முந்தானையால் பொத்தாமல், நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதாள். இரண்டு பேரும் அழுது முடிகிற வரைக்கும் ஊர் பொறுத்துக்கொண்டது. ஒரு டிராக்டர் வந்து நின்று, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தான்.

பூங்காவனம் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து கொண்டுவந்தாள். இடுப்பில் இருந்தபடியே பிள்ளை ஒரு கிண்ணம் சாப்பிட்டது, கிண்ணத்தை எட்டிப் பார்த்தது, இன்னொரு கிண்ணமும் சாப்பிட்டது. கீழே இறக்கப்போனால் கழுத்தை இறுக்கியது. அதனால் நிரோஷா பிள்ளையை வைத்துக்கொண்டே தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள், பூங்காவனம் கிண்ணத்தோடு கூடவே நடந்தாள்.

"வேல போச்சா?" என்றாள் பூங்காவனம்.

"மேல போறதுக்கு இருந்த எடம் போச்சு. மிஷினு அங்கதான் இருக்குது."

"அப்ப போவணுமே."

"போவேன்க்கா. இவளத் தூக்கினு போவேன். எங்க லைனுக்குப் பின்னால ஒரு ரூம்ல அட்டப்பெட்டியா அடுக்கி வெச்சிக்கிறாங்க. கதவு மேல குழந்தைகள் காப்பகம்னு போர்டு தொங்குது. பெட்டிய எடுங்கன்னு கேக்கப்போறேன்."

"எடுக்கலன்னா?"

"நாப்பத்திரண்டு பேர் இருக்கறோம். ஆளுக்கு நாலு பெட்டி எடுத்தா டீ டைம்ல முடிஞ்சிடும்."

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி தூக்க நானும் வரட்டுமா என்று கேட்டாள். வாங்கக்கா, நீங்க வந்தா எச்.ஆர். மேடமே ஒரு பெட்டி தூக்குவாங்க என்றாள் நிரோஷா.

பிள்ளை தூங்கிவிட்டது. தூங்கின பிள்ளைக்குக் கனம் கொஞ்சம் கூடும், அது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான். மூன்றாவது தடவை தெருவைச் சுற்றி வரும்போது நிரோஷாவின் இடது கை மரத்து, தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இழுத்துப் பிடித்து வலிக்க ஆரம்பித்தது. மூன்று மாசமாக அவள் தினமும் சுமந்தாளே, அதில் ஒரு நாள்கூட இப்படிக் கை வலித்ததில்லை. கொடு, நான் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன் என்று பூங்காவனம் இரண்டு கையையும் நீட்டினாள்.

நிரோஷா கொடுக்கவில்லை, அந்தப் பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொள்ளவும் இல்லை.

"கை வலிக்குதுக்கா" என்றாள், எதிர் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.